கை நனைக்க ஒரு வீடு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோகிலவாணி ஹாஸ்டலுக்கு வந்து சேர்வதற்குள், அருணாவின் தகரப்பெட்டி மாடியிலிருந்து இறங்கி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. பெட்டிமேல் சுருட்டின பாய். பாய்மேல் அருணா. அழுது அழுது மூக்கு சிவந்து கிடந்தது.

"இன்னாடி இது? யாரு எறக்கச் சொன்னது?"

"எங்க ஊர்லேந்து வர்றாங்க மேம். ஜீப்பு கெளம்பிடுச்சின்னு போன் வந்துது. வூடு பாக்கறாங்களாம். புடிக்கலன்னா என்னிய இட்டுகினு போய்டுவாங்களாம். அவங்கள நிக்க வெச்சிகினு பெட்டி எறக்கறது நல்லா இருக்காதுன்னு..."

"புடிக்கலன்னாதானடி? அதுக்குள்ள பெட்டிய எறக்கிட்டா, வர்றவங்க இன்னா நெனைப்பாங்க? நாமளே தொரத்தி வுடறோம்னு நெனைக்க மாட்டாங்க?"

சத்தம் போட்டுவிட்டுக் கோகிலவாணி கேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஹாஸ்டல் வார்டனுக்கு ஒரு பெண் போனால் இன்னொரு பெண். ஆனால் இந்தப் பெண் போகக் கூடாது. கோகிலவாணிக்கு இவள் வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல அவள் பதவியில் இடமில்லை, அவ்வளவுதான்.

பேர் என்னவோ பல்கலைக்கழகம். கண்ணமங்கலத்துப் பக்கமிருந்து ஜவ்வாது மலையேறுகிற ரோட்டில், பாதி மலையில், நாலு கட்டடம், ஒரு சர்ச், ஒரு மெஸ், பெண்களுக்கு ஒரு ஹாஸ்டல், பின்னால் வரிசையாய் ஊழியர் குவார்ட்டர்ஸ். சர்ச்சில் மணி அடித்தால் கடைசிக் குவார்ட்டர்ஸில் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும். அத்தனை சிறிய இடம். ஐப்பசி வந்துவிட்டால் மூடுபனி கேட்டைக் கேட்காமல் உள்ளே வந்து, வகுப்பறை ஜன்னல் வரைக்கும் நின்று பாடம் கேட்டுவிட்டுப் போகும்.

கோகிலவாணியின் புருஷன் துரைக்கண்ணு இங்கே பஸ் ஓட்டினவன். ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். நிர்வாகம் மோசமில்லை. பொம்பளையை நடுரோட்டில் விட வேண்டாமென்று வார்டன் வேலையும், ஹாஸ்டல் கீழ்த்தளத்து ஓரத்தில் ஒரு ஹாலும் ஒரு அறையும் ஒரு சமையலறையும் கொடுத்தது. மகன் ஓசூரில் கம்பெனி வேலை. வா என்றால் அடுத்த மாசம் என்பான்.

அந்தச் சமையலறை இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும். ஹாஸ்டலில் சமைக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மீறிய பெண்களிடமிருந்து பிடுங்கியதெல்லாம் அங்கேதான் கிடந்தது. மின்சாரக் கெட்டில், அயர்ன்பாக்ஸ், முட்டை அவிக்கிற டப்பா, நூடுல்ஸ் பாக்கெட், புத்தம்புது இண்டக்‌ஷன் ஸ்டவ். கேஸ் அடுப்புக்குக் கனெக்‌ஷனே வாங்கவில்லை. மேடைமேல் இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கொதித்ததில்லை. மூன்று வேளையும் தட்டை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போவாள். ஒருத்திக்காக என்னத்துக்கு உலை வைப்பது?

அருணா வந்தது ஆடிக் கடைசியில். மலைமேல் நெல்லிவாசல்நாட்டிலிருந்து, கொட்டுகிற மழையில், அப்பா சக்கரவர்த்தி மட்டும் கூட வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, ஷேர் ஜீப் போய்விடுமென்று ஓட்டமும் நடையுமாய்த் திரும்பிவிட்டார். பி.எஸ்சி. கணிதம். கணக்கில் புலி. ஆனால் மாடியில் அடுக்குக் கட்டிலைக் கண்டதும் மிரண்டுவிட்டாள். ஒருத்திக்கு மேல் இன்னொருத்தி படுத்துத் தூங்குவதை அவள் ஜென்மத்தில் கண்டதில்லை. கொஞ்ச நாள் கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்துவிட்டு, ஒரு மழை நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு வார்டன் வீட்டுக் கதவருகில் வந்து சுருண்டு படுத்தாள். கோகிலவாணி திட்டினாள். மறுநாளும் திட்டினாள். அதற்கடுத்த நாள், "ஈரத்துல ஏண்டி கெடக்கற, உள்ள வந்து தொல" என்று கதவைத் திறந்தாள். சட்டப்படி தப்புதான். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு மூச்சுச் சத்தம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று!

"ஆயுத பூசைக்கு ஊருக்குப் போனேன் இல்ல மேம், அப்பவே ஆரம்பிச்சிட்டாங்க" என்றாள் அருணா. "கை நனைக்காத வூட்ல பொண்ண வுட்டுட்டு வந்துகீறியேன்னு அப்பாவ ஊரே கேக்குதாம். எங்கம்மா சோறு தண்ணி சரியா எறங்கலன்றா."

"கை நனைக்கறதெல்லாம் கல்யாணத்துக்குத்தானடி? சம்பந்தம் புடிச்சா அந்த வூட்ல சாப்புடுவாங்க, புடிக்கலன்னா தண்ணிகூட குடிக்காம எழுந்து வந்துடுவாங்க. எனக்குத் தெரியாததா?"

"எங்க பக்கம் அப்டி இல்ல மேம். பொண்ணு வேற வூட்ல தங்கறான்னா, எதுக்குத் தங்குனா இன்னா, பெத்தவங்க போய் அந்த வூட்ல கை நனைக்கணும். அப்பத்தான் அது அவ இருக்கற வூடு."

சரி, சாப்பாடுதானே வேண்டும், போட்டால் போயிற்று என்று கோகிலவாணி இடுப்பில் தலைப்பைச் செருகினாள். மெஸ்ஸில் வெளியாள்களுக்குப் போட மாட்டார்கள். உடனே பஸ் டிரைவர் ராஜாக்கண்ணுவுக்குப் போன் போட்டு, கண்ணமங்கலத்திலிருந்து வரும்போது நல்ல கடையில் மட்டன் பிரியாணி வாங்கிவரச் சொன்னாள். பெரிய பாக்கெட். தயிர்ப்பச்சடி மறக்காதே. மலையிலிருந்து வருகிறவர்கள், வயிறு குளிர்ந்து போகட்டும்.

உச்சிப் பொழுதுக்கு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ஆள்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அப்பா சக்கரவர்த்தி, அம்மா மங்கம்மாள், பெரியப்பா ஆதிநாராயணன், அத்தைகள், பங்காளிகள். பின்னாலேயே ஒரு மூட்டை சாமை, ஒரு உருண்டை புளி, ஒரு பாட்டில் தேன்.

கோகிலவாணி எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினாள். லைப்ரரி, லேப், சர்ச். ஆதிநாராயணன் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். "கெட்டியாத்தான் கீது" என்றார். சக்கரவர்த்தி குழாயைத் திறந்து மூடினார். சர்ச்சுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் எல்லாரும் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். மங்கம்மாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எதையோ தேடுகிறவள் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பார்வையாளர் அறையில் பாய் விரித்து, பேப்பர் தட்டு போட்டு, பிரியாணியைக் குவித்தாள் கோகிலவாணி. வாசனை மாடி வரைக்கும் போனது. மாடிக் கைப்பிடியில் பெண்களின் தலைகள் முளைத்தன.

"சாப்புடுங்க. கூச்சப்படாதீங்க. அண்ணா, நீங்க ஆரம்பிங்க."

யாரும் கையை நீட்டவில்லை. ஆதிநாராயணன் சக்கரவர்த்தியைப் பார்த்தார். சக்கரவர்த்தி மங்கம்மாளைப் பார்த்தார். மங்கம்மாள் தட்டைப் பார்த்தாள். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"ஏன், கறி துன்ன மாட்டீங்களா? கார்த்திகைக்கு மால கீல போட்டுகினீங்களா?"

"அதெல்லாம் துன்னுவோம்" என்றார் சக்கரவர்த்தி தரையைப் பார்த்தபடி.

அப்போதுதான் கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. சின்ன வயசில், பள்ளிக்கூடத்தில் சிநேகிதி வீட்டில், இவள் குடித்த டம்ளரைத் தனியாகக் கழுவி வெயிலில் கவிழ்த்தார்கள். வேதக்கார, கிறிஸ்தவப் பெண் குடித்த டம்ளர். இத்தனை வருஷம் கழித்து அந்தச் சூடு அப்படியே முகத்தில் ஏறியது.

"புரிஞ்சிது" என்றாள். "வேதக்காரி கையால சாப்புடக் கூடாது, அதானே? சொல்லிட்டுப் போங்க, பரவாயில்ல. உங்க பொண்ணு நாலு மாசமா என் வூட்ல, எம் பக்கத்துலதான் படுத்துத் தூங்கறா. அவ மேல ஒண்ணும் ஒட்டிக்கல. நல்லாப் பாருங்க."

அருணா 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மங்கம்மாள் இப்போதுதான் நிமிர்ந்தாள். "இன்னாம்மா பேசற நீ? உஞ் சாமி வேற, எஞ் சாமி வேறன்னா, பசி வேறயா? நீ ஆக்கிப் போட்டா துன்னாம இன்னா? நீதான் ஆக்கலியே!"

"இன்னா?"

"இது கடக்காரன் கை. எம் பொண்ண நான் கடக்காரன் வூட்லயா வுட்டுகீறேன்? வந்ததுலேந்து நானும் பாக்கறேன். படிக்கற எடம் காட்ன, படுக்கற எடம் காட்ன, சாமி கும்புடற எடம் காட்ன. உன் அடுப்பு எங்கம்மா கீது?"

கோகிலவாணி மெஸ் பக்கம் கையைக் காட்டினாள். "மெஸ்ஸு இருக்குது. எல்லாருக்கும் அங்கதான்."

"அது ஊருக்கு ஆக்கற எடம். திருவிழாவுல கூழு ஊத்தற மாதிரி. நான் கேக்கறது வூட்டு அடுப்பு. உன்துதானே இந்த வூடு?"

நல்ல கேள்வி. சொல்லப்போனால், இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கோகிலவாணியிடம் யாரும் கேட்காத கேள்வி.

அவள் நடந்து, தன் சமையலறைக் கதவைத் திறந்துவிட்டாள். மங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். கெட்டில் மேல் அயர்ன்பாக்ஸ், அயர்ன்பாக்ஸ் மேல் நூடுல்ஸ், எல்லாவற்றின் மேலும் தூசி.

"இன்னாம்மா, கட வெக்கப் போறியா?"

"புள்ளைங்க கிட்டேந்து புடுங்குனது. நான் இங்க ஆக்கறதில்லக்கா. அவரு போனப்பறம் ஆக்கறதே இல்ல. யாருக்கு ஆக்கறது, சொல்லுங்க?" சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. இந்த ஜீப் கூட்டத்துக்கு முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

மங்கம்மாள் ஆறுதல் கீறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "இப்ப எங்களுக்கு ஆக்கு" என்றாள். "நாங்க கொணாந்த சாமை இப்ப உன்துதான். அத்தப் போடு. நான் கை வெக்க மாட்டேன். நான் ஆக்குனா அது எங்க வூட்டுச் சோறாய்டும்."

"கேஸே இல்லக்கா!"

"அடுப்பில்லாத வூட்ல பொண்ண வுட முடியாதும்மா. நீ கோச்சிக்காத." திரும்பி வராந்தாப் பக்கம் பார்த்தாள். அங்கே பெட்டி தயாராய் இருந்தது.

கோகிலவாணி குவிந்து கிடந்த சாமான்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு மாடியை அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்தாள். "உஸ்மா! ஏய் உஸ்மா! கீழ வா!"

வாணியம்பாடி தோல் மண்டிக்காரர் பெண் உஸ்மா, அருணாவின் அறைத்தோழி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தாள். முகத்தில் கலவரம். போன மாசம் அந்த இண்டக்‌ஷன் ஸ்டவ்வைப் பறிகொடுத்தவள் அவள்தான்.

"இத்த எப்டிடி பத்த வெக்கறது?"

உஸ்மாவின் கண் விரிந்தது. "மேம்! நீங்களா?"

"நாந்தான். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பத்த வெக்கறதெல்லாம் இல்ல மேம். இந்தப் பட்டன். ஆனா அலுமினியப் பாத்திரம் வெச்சா வேல செய்யாது, பீப் பீப்னு கத்தும். அடி தட்டையா எவர்சில்வர் வேணும்."

"அதுக்கு இப்ப நான் எங்க போவேன்?"

உஸ்மா காலால் தரையைக் கீறினாள். "எங்கிட்ட... இருக்கு மேம். ரெண்டு. பீரோல, துணிக்கு அடியில."

"அடிப்பாவி! சோதனைல அது எப்டிடி எங் கண்ல படல?"

"அது குர்ஆன் வெக்கற அடுக்கு, அங்க நீங்க கை வெக்க மாட்டீங்க மேம். நல்லவங்க நீங்க."

மாடியில் சிரிப்பு வெடித்தது. அருணா கூட அழுகை முகத்தோடு சிரித்தாள்.

பாத்திரம் வந்தது. சாமான்கள் ஹாலுக்கு இடம் மாறின. அருணா மேடையைத் துடைத்தாள். மிளகாய்த்தூள், எண்ணெய், வெங்காயம், பூண்டு என்று ஒன்றுமே வீட்டில் இல்லை. பின் வரிசைக் குவார்ட்டர்ஸ் சசிகலாவிடம் வாங்கலாமா என்று கோகிலவாணி தயங்கினாள்.

"அக்கா, பக்கத்து வூட்ல கேட்டு வாங்கலாமா? அது செல்லுமா?"

"கேளு. பக்கத்து வூட்ல வாங்காத குடித்தனம் எங்க கீது?" என்றாள் மங்கம்மாள், வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்தபடி.

முதலில் குழம்பு. மலைப்புளியைக் கரைத்தபோதே கோகிலவாணியின் விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பூண்டு வெடித்ததும் வெங்காயம், வெங்காயம் சிவந்ததும் தூள். துரைக்கண்ணு பின்னால் வந்து நின்று, 'இன்னும் கொஞ்சம் காரம் போடுடி' என்பான். எந்த நாளும் போதும் என்று சொன்னதில்லை. அவள் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

ஆதிநாராயணன் பின்கதவுப் பக்கம் வந்து நின்று எட்டிப் பார்த்தார். கையை ஸ்டவ் பக்கத்தில் கொண்டுபோனார். "தீயே இல்லியே? தீ இல்லாம எப்டிம்மா வேவும்? இது சும்மா வெளையாட்டு அடுப்பு."

"கொதிக்குது பாருங்க பெரியப்பா" என்றாள் உஸ்மா. தன் ஸ்டவ்வைக் குறை சொன்னதில் அவளுக்கு ரோஷம்.

"கொதிக்குது. ஆனா பாக்க அசிங்கமா கீது" என்று அவர் போய்விட்டார்.

குழம்பை இறக்கி வைத்துவிட்டுச் சாமையைக் களைந்து கொதிக்கிற தண்ணீரில் கொட்டினாளோ இல்லையோ, கரண்ட் போயிற்று. மலையில் ஒரு தூறல் விழுந்தால் போதும், கரண்டுக்கு ஜலதோஷம் பிடித்துவிடும். ஸ்டவ்வில் இருந்த சிவப்பு வெளிச்சம் அணைந்தது.

எல்லாரும் காத்திருந்தார்கள். ஜீப்காரன் ஹாரன் அடித்தான். மூடுபனி இறங்குதுங்க, இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணுங்க என்றான். சக்கரவர்த்தி வானத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

"இன்னா பண்ணலாம் மங்கம்மா?"

"உக்காரு. ஆக்கிகினு இருக்கறவள வுட்டுட்டு எழுந்து போறதா? நல்லாவா இருக்கும்?"

கோகிலவாணி மூடிய பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கர்த்தரே, கரண்டைக் கொடும் என்று ஜெபித்தாள். இதைவிடப் பெரிய விஷயங்களுக்கு ஜெபித்திருக்கிறாள், இத்தனை மனசோடு ஜெபித்ததில்லை. பக்கத்தில் அருணாவின் மூச்சு கேட்டது. இந்தப் பெண் போய்விட்டால் ராத்திரி இந்த வீட்டில் மறுபடி கடிகாரச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

கரண்ட் வந்தது. மாடியில் பெண்கள் 'ஓ' என்று கத்தினார்கள். பட்டனை அழுத்தினாள். அவளுக்குச் சாமை புதிது. அரிசி மாதிரிதானே என்று நினைத்து, அது ஊறிக் கிடந்த கணக்கை மறந்து, இன்னும் கொஞ்ச நேரம் வேகட்டுமென்று விட்டுவிட்டாள். மூடியைத் திறந்தபோது சோறு சோறாக இல்லை. களியாகவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எதுவோ, அடியும் பிடித்திருந்தது.

"ஐயோ அக்கா, கொழஞ்சி போச்சி!"

"போடு" என்றாள் மங்கம்மாள்.

பின்பக்கம் துணி துவைக்கிற சிமெண்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கோகிலவாணி ஆளுக்கு ஒரு கரண்டிதான் போட முடிந்தது. மேலே குழம்பு ஊற்றினாள்.

மங்கம்மாள் முதல் வாய் எடுத்தாள். மென்றாள். மெல்ல வேண்டிய அவசியமே இல்லை, அது தானாகவே உள்ளே போகிற பதத்தில்தான் இருந்தது. பிறகு சக்கரவர்த்தி, பிறகு எல்லாரும். தூறல் நின்றிருந்தது.

ஆதிநாராயணன்தான் தீர்ப்புச் சொன்னார். "சாமை ஆக்கத் தெரியல. உப்பும் கம்மி." தட்டை வழித்து நக்கினார். "கொழம்பு அருமையா கீது. இன்னும் கொஞ்சம் ஊத்து."

சக்கரவர்த்தி சொம்புத் தண்ணீரில் கை கழுவிவிட்டு எழுந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே வராந்தாவுக்குப் போனார். கோகிலவாணி கரண்டியும் கையுமாகப் பின்னாலேயே போனாள். அவர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். ஜீப் பக்கம் போகிறாரா? இல்லை. வார்டன் வீட்டு வாசலில் வந்து இறக்கி வைத்தார்.

"எங்க வெக்கறதும்மா? மாடிக்கு ஆம்பளைங்க போவக் கூடாதுன்றாங்க."

"அங்கயே... அங்கயே வைங்கண்ணா. நான் பாத்துக்கறேன்."

ஜீப் கிளம்பும்போது மங்கம்மாள் கோகிலவாணியின் கையைப் பிடித்தாள். கரடுமுரடான, கதகதப்பான கை. "சாமை அறுப்பு முடிஞ்சதும் எங்க வூட்டுக்கு வா. நீயும் கை நனைக்கணும் இல்ல? அப்ப நான் ஆக்கறத பக்கத்துல நின்னு பாரு. பொண்ணுக்கு அடுத்த தடவ கஞ்சி ஊத்தாத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஜீப் வளைவில் திரும்பி மூடுபனிக்குள் போனது. ஹாரன் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

உஸ்மா தூணருகே நின்றாள். "மேம், என் ஸ்டவ்வு?"

"கெடையாது. சட்டம் சட்டந்தான். அது இங்கியே இருக்கும்." கோகிலவாணி இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள். "எதாவது ஆக்கணும்னா கீழ வா. உங்க அம்மாவ ஒரு நாளைக்கு வரச் சொல்லு. அவங்க இந்தப் பக்கம் வந்ததே இல்லியே?"

பெண்கள் மேலே போனார்கள். சர்ச் பக்கம் விளக்கு எரிந்தது. மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாட்டு மணி அடித்தது. பழக்கதோஷம், கோகிலவாணி ஆணியில் மாட்டியிருந்த தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். மதியமும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கொண்டுவந்த பிரியாணியை ராஜாக்கண்ணுவும் வாட்ச்மேனும் எப்போதோ முடித்துவிட்டார்கள்.

"மேம், எங்க போறீங்க?"

அருணா சமையலறையில் கீழே உட்கார்ந்து பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அடிப்பிடித்த சாமை பொன்னிறமாய் வந்தது. குழம்பு பாத்திரத்தில் ஒரு கரண்டி மீதி இருந்தது.

"மெஸ்ஸுக்குடி. மணி அடிச்சிட்டாங்க."

"எங்க ஊரே இந்த வூட்ல கை நனைச்சிடுச்சி" என்றாள் அருணா, தலையை நிமிர்த்தாமல். "நீங்கதான் மேம் இன்னும் நனைக்கல."

கோகிலவாணி வாசலிலேயே நின்றாள். மெஸ்ஸிலிருந்து தட்டுகளின் சத்தம் வந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, அருணாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டை நீட்டினாள். அருணா சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள்.

ஒரு வாய் சாப்பிட்டாள். உப்பு கம்மிதான். ஆதிநாராயணன் சொன்னது சரி. காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, துரைக்கண்ணுவுக்குப் பிடிக்கிற காரம்.

கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் துடைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊத்துடி" என்றாள்.